கால் உள்ளே, வாய் வெளியே

மலாயாவில் எனக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு பகல். மறுநாள் கப்பல். அந்த ஒரு பகலுக்குள் நான் ஓர் அரண்மனை பார்க்க வேண்டும், ஒரு பழைய பசார் பார்க்க வேண்டும், ஒரு கிராமம் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, நிறைமாதமாய் இருந்த என் தங்கை காமாட்சிக்கு ஏழு வகைச் சோறு ஊட்ட வேண்டும். முதல் மூன்றும் என் ஆசை. நாலாவது அம்மாவின் உத்தரவு.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு ஒன்பதாம் மாதம் ஆனால் பிறந்த வீட்டார் கட்டுச்சோறு கொண்டுபோவார்கள். புளி, எலுமிச்சை, தேங்காய், எள், கறிவேப்பிலை, தயிர், சர்க்கரைப் பொங்கல் என்று ஏழும் இருக்க வேண்டும். கும்பகோணத்தில் இடுப்பு விழுந்து கட்டிலோடு கிடந்த அம்மா, நான் கிளம்பும்போது சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஏழும் அவ வாயில படணும்டா. பட்டதும் உன் கையை அவ தலையில வையி. என் கையை வெச்ச மாதிரி" என்றாள். கல்யாணமாகிக் கப்பலேறிய பிறகு காமாட்சி ஊரிலிருந்து வந்த பிறந்த வீட்டு மனிதர் ஒருவரையும் பார்த்ததில்லை. அவள் புருஷன் கோலசிலாங்கூருக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. ஆங்கிலப் பெயர் ஒன்று அதற்கு இருந்தாலும் நம் ஜனங்கள் பாலத்தடித் தோட்டம் என்றுதான் சொன்னார்கள்.

நான் பாத்திரக்கடைக்காரன். தங்கைக்கென்று ஏழு அடுக்கில் ஒரு பித்தளைத் தூக்கு அடிக்கச் சொல்லி, ஈயம் பூசி, கூடவே கொண்டுவந்திருந்தேன். நிமிர்த்தி வைத்தால் என் இடுப்புக்கு வரும். கிள்ளானில் சின்னம்மா வீட்டில் தங்கியிருந்தேன். அவள் விடியுமுன்னே எழுந்து ஏழையும் சமைத்து அடுக்கினாள்.

அப்போது அவசரகாலம். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள், ரோட்டில் சிப்பாய்கள். காட்டில் இருப்பவனைப் பட்டினி போட்டே பிடிப்பது என்று சர்க்கார் முடிவு கட்டியிருந்தது. எனக்குச் சந்தேகமாகவே இருந்தது.

"ஏன் சின்னம்மா, ரோட்டுல அரிசி கொண்டு போகக் கூடாதாமே?"

"அரிசிதான்டா கொண்டு போகக் கூடாது. இது சோறு. அதுவும் நல்ல காரியத்துக்குப் போற சோறு. எவன் கேப்பான்?"

அவள் சொன்ன வேகத்தில் எனக்கும் அது நியாயமாகப் பட்டது. நம் ஆட்களுக்குச் சட்டம் என்பது பக்கத்து வீட்டுக்காரனுக்குப் போட்டது. நான் மட்டும் என்ன விதிவிலக்கா?

வாடகைக் காரோட்டி செபஸ்தியான் வந்து சேர்ந்தார். தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, டவுனுக்கு வந்து, ஆஸ்டின் கார் ஒன்றை வைத்துப் பிழைப்பவர். முன் கண்ணாடியில் மாதா படம், வாயில் ஓயாத பேச்சு. தூக்கைப் பார்த்து ஒருமுறை சிலுவை போட்டுக்கொண்டார்.

"என்னண்ணே இது, கோயில் கோபுரமா?"

"கட்டுச்சோறு. நேரே தங்கச்சி வீட்டுக்கு விடுங்க."

"விட்டுருவோம்லா. ஆனா ஒரு நாள் டூர்னு பேசியிருக்கோம். அரண்மனை, கம்பத்துக் கிராமம், பசார் மூணும் காட்டாம உங்கள ஊருக்கு அனுப்பினா எனக்குத் தூக்கம் வராது."

கிள்ளானைத் தாண்டியதும் முதல் மறிப்பு. ஒரு மலாய்ப் போலீஸ்காரர் மேல் மூடியைத் திறந்து, குனிந்து முகர்ந்து, கண்ணை மூடினார். செபஸ்தியான் எனக்கு மொழிபெயர்த்தார்: "நல்ல வாசனையா இருக்குதாம். இது வரைக்கும் பரவால்லியாம். கோலசிலாங்கூர் தாண்டித் தோட்டத்துப் பக்கம் போனா ஒரு பிஸ்கோத்துகூட விடமாட்டானுங்களாம்."

சின்னம்மாவை மனசுக்குள் நன்றாகத் திட்டினேன். செபஸ்தியானுக்கோ ஒரு கவலையும் இல்லை.

"காலையில தோட்டத்துக் கேட்டுல நிக்கிறவன் பேய்க்கு மாமன். மத்தியானம் மாறி வர்றான் பாருங்க, அந்தோணி, நம்ம ஆளு. ஒரே கோயிலு. சோத்தைப் பாத்தா வானத்தைப் பாப்பான். அது வரைக்கும் நீங்க அரண்மனையப் பாருங்க."

வேறு வழி? ஆக, சட்டத்தை ஏய்க்கும் நேரம் வரும்வரை சரித்திரம் பார்ப்பது என்று முடிவாயிற்று.

தஞ்சாவூர் அரண்மனையைப் பார்த்தவன் நான். ராஜா என்றால் கொஞ்சமாவது சுவர் இருக்கும் என்று எதிர்பார்ப்பவன். கோலசிலாங்கூரில் குன்றின்மேல் கார் நின்றது. பெரிய மரங்கள், கடலைப் பார்த்த பழைய பீரங்கிகள், ராஜ வம்சத்தாரின் கல்லறைகள், ஒரு கலங்கரை விளக்கம். எல்லாம் இருந்தன.

"அரண்மனை எங்கே?"

"இதாண்ணே" என்று செபஸ்தியான் கையை விரித்தார்.

"இது புல்லு."

"புல்லுக்கு முன்னாடி அரண்மனை."

சரிதான், பார்த்தாயிற்று என்று திரும்பப் போனேன். விட்டால்தானே. கையைப் பிடித்து அழைத்துப்போய், இது வாசல், இது தர்பார், இது ராஜா படுத்த அறை, இது சமையல்கட்டு என்று புல்லை அறை அறையாகப் பிரித்துக் காட்டினார். நான் குறுக்கே நடந்தபோது பதறிப்போனார். "அண்ணே, அது சுவரு! சுத்தி வாங்க!" நானும் சுற்றித்தான் போனேன். இன்றுவரை அது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. ராஜாவின் படுக்கையறையில் நின்று அவர், "இந்த இடத்துல எல்லாம் உண்மையிலேயே நடந்ததான்னு கேக்காதீங்க. நான் இப்படித்தான் காட்டுவேன், வெள்ளைக்காரன்கூட நம்பிட்டுத்தான் போறான்" என்றார்.

நான் ராஜாவின் சமையல்கட்டில் நின்றுகொண்டிருந்த நேரத்தில், காரில் என் சமையல்கட்டுக்குள் குரங்கு புகுந்துவிட்டது. சோறு புழுங்கக் கூடாதென்று கண்ணாடியை இறக்கிவைத்திருந்தோம். என் கடைத் தூக்கின் கொக்கியை எங்கள் ஊர்ப் பெண்களே திட்டிக்கொண்டுதான் திறப்பார்கள். இந்தக் குரங்கு திட்டாமல் திறந்தது. மேலடுக்கில் இருந்த தேங்காய்ச் சோறு முழுவதையும் மடியில் கொட்டிக்கொண்டு, வயிற்றில் தொங்கிய செம்பட்டைக் குட்டிக்கும் ஊட்டிக்கொண்டிருந்தது. நான் செருப்பைக் கழற்றினேன்.

"விடுங்கண்ணே, அதுவும் பிள்ளைக்காரி" என்றார் செபஸ்தியான்.

"பிள்ளைக்காரியா? என் தங்கச்சிக்குக் கொண்டுவந்ததுய்யா! கடல் தாண்டி வந்தும் குரங்குக்கா அழணும்?" என்று கத்தினேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஏழில் ஒன்று போனால் போகட்டும் என்று விடக்கூடிய காரியமா இது? அம்மா ஏழு என்றாள். காமாட்சியின் மாமியாரோ ஆறைப் பார்த்தால் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டக்கூடிய அம்மாள் என்று கேள்வி.

மலையடிவாரத்தில், ஆற்றோரமாய்ப் பசார். கருவாடும் காய்ந்த இறாலும் கூடை கூடையாய்க் கொட்டிக் கிடந்தன. சிப்பிக்கும் நண்டுக்கும் நடுவே ஒரு சீனக் கிழவர் பல் பிடுங்கிக்கொண்டிருந்தார். எங்கள் பெரிய கடைத்தெருவைவிட நாற்றம் அதிகம், கூச்சல் குறைவு. நான் எதையும் நின்று பார்க்கும் நிலையில் இல்லை. தேங்காய்ச் சோறு எங்கே, தேங்காய்ச் சோறு எங்கே என்று பைத்தியம் போல அலைந்தேன்.

"இருக்குண்ணே" என்றார் செபஸ்தியான். ஒரு மலாய் அம்மாள் வாழை இலையில் பொட்டலம் பொட்டலமாய் வைத்திருந்தாள். பிரித்துக் காட்டினாள். தேங்காய்ப் பாலில் வெந்த சோறு, ஓரத்தில் சிவப்பாய் மிளகாய்ச் சாந்து, அதற்குள் நெத்திலி. நாசி லெமாக்.

"நெத்திலியா? சீமந்தச் சோத்துல நெத்திலியா? ஐயோ, எடுக்கச் சொல்லுங்க!"

அவர் மலாயில் சொன்னார். அந்த அம்மாள் யாருக்கு என்று கேட்டாள். நிறைமாதப் பெண்ணுக்கு என்றதும் முகமெல்லாம் மலர்ந்து ஏதோ நீளமாய்ப் பேசினாள். "இவங்களுக்கும் ஏழாம் மாசம் ஒரு சடங்கு இருக்காம். வயித்துக்குக் கீழ துணியைக் கொடுத்து ஆட்டுவாங்களாம். அந்தப் பொண்ணுக்கு நெத்திலி இல்லாம கொடுத்தா பாவமாம். எடுக்க மாட்டேங்குறாங்க" என்றார் செபஸ்தியான்.

"சோத்த மட்டும் வாங்குங்க. சாந்தை நான் பாத்துக்கறேன்."

வாங்கினோம். அந்த அம்மாள் காசில் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, என் கண் முன்னாலேயே இன்னும் ஒரு கரண்டி சாந்தை வைத்துக் கட்டினாள். நான் காரில் உட்கார்ந்து நெத்திலியாய்ப் பொறுக்கி வெளியே எறிந்தேன். சாந்து மட்டும் சோற்றில் ஊறிவிட்டது. அதை மேலடுக்கில் வைத்து, என் மூக்கு அந்தப் பக்கம் போகாமல் கொக்கியைப் போட்டேன்.

வழியில் கம்பத்து வீடுகள் வந்தன. கால் வைத்த மரவீடுகள், தென்னை, வாசலில் கோழி. "இது பழைய கம்பம். அடுத்து வர்றது புதுசாக் கட்டின பழைய கிராமம்" என்றார் செபஸ்தியான். கிறுக்குப் பிடித்துவிட்டதோ என்று பார்த்தேன். வந்தது. முள்வேலி, வேலிக்குள் ஒரே மாதிரி வரிசை வீடுகள், வாசலில் துப்பாக்கி. காட்டோரம் சிதறி இருந்த சீனக் குடும்பங்களை ஒரே இடத்தில் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். பரம்பரையாய் இருந்தவர்கள்தான், ஊர் மட்டும்தான் புதுசு. வாசலை ஒட்டி ஒரு மளிகைக்கடை. தங்கைக்கு ஒரு டின் பால் வாங்கலாமே என்று இறங்கினேன்.

காசை வாங்கிய சீனர், ஆணியை எடுத்து டின்னில் வைத்து, சுத்தியால் ஓங்கி ஒரு போடு போட்டு என் கையில் கொடுத்தார். பால் என் வேட்டியில் ஒழுகியது.

"என்னய்யா இது!" என்று நான் குதித்தேன்.

கடைக்காரர் அமைதியாக மலாயில் சொன்னதைச் செபஸ்தியான் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "ஓட்டை போடாத டின்ன வித்தா அவர உள்ள போட்டுருவாங்களாம். ஓட்டை போட்டா காட்டுக்குள்ள ரொம்ப நாள் வெச்சிக்க முடியாதுல்ல? சீக்கிரம் குடிங்கங்குறார்."

தங்கை பெயரைச் சொல்லி நானே குடித்தேன். பாதி வேட்டி குடித்தது. மீதி வழியெல்லாம் ஈ என்னோடு வந்தது.

பாலத்தடித் தோட்டத்துக் கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சிவெயில் சாய்ந்துவிட்டது. ரோட்டுக்குக் குறுக்கே ஒரு நீண்ட மரக்கட்டை, இடுப்பு உயரத்தில். இரண்டு பக்கமும் முள்கம்பி. கட்டைக்குப் பக்கத்தில் கூடாரம். செபஸ்தியான் தலையை நீட்டி, "அந்தோணி!" என்று கூப்பிட்டார்.

அந்தோணி இல்லை. காய்ச்சலாம். அவனுக்குப் பதில் காக்கிச் சட்டையில் நின்றவரும் நம் ஆள்தான், ஸ்பெஷல் கான்ஸ்டபிள் வேலு. வேறு தோட்டத்துக்காரர், வேலைக்குப் புதிது. அதைவிட மோசம், அவருக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்கார ராணுவ அதிகாரி. மீசை முளைக்காத வயசு, வெயிலில் உரிந்த மூக்கு. என் தூக்கைக் கண்டதும் அந்தப் பையன் ஏதோ கத்தினான். வெடிகுண்டு என்று நினைத்தார்களோ என்னவோ, எல்லோரும் பின்னால் ஓடினார்கள். ஒரு சிப்பாய் ரப்பர் மரத்துக்குப் பின்னால் படுத்துக்கொண்டு, நீளமான கம்பால் கொக்கியை நெம்பினான். அவனும் திட்டிக்கொண்டேதான் திறந்தான். மூடி விழுந்தது. தேங்காய்ப்பால் மணம் வந்தது. அதிகாரி எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டான்.

"சோறு உள்ள போகாது" என்றார் வேலு.

"ஐயா, தங்கச்சிக்குக் கட்டுச்சோறு. நாளைக்கு எனக்குக் கப்பல்."

"தெரியுதுண்ணே. எங்க வீட்லயும் அக்கா தங்கச்சி இருக்காங்க. ஆனா சோறு உள்ள போகாது. உள்ளாள் மத்தியானத்துக்கு மேல வெளிய வர முடியாது. வெளியாள் உள்ள போக முடியாது. விட்டா என் வேலை போயிரும், ஜெயிலும் கிடைக்கும்."

"அப்ப இத என்ன செய்யறது?"

"கொட்டிருங்க. இல்ல, இங்கயே சாப்பிடுங்க. வயித்துக்குள்ள இருந்தா சோறு கணக்கில்ல."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது இதுதான். இங்கே சாமியும் கொடுக்கவில்லை. நான் கத்தினேன், கெஞ்சினேன், என் கடைப் பெயரையெல்லாம் சொன்னேன். கடைசியில் வேலு மனம் இரங்கி, உள்ளே புல் வெட்டிக்கொண்டிருந்த பெண்ணிடம், "கிராணி வீட்டம்மாவக் கேட்டாண்ட வந்து அண்ணன் மூஞ்சியையாச்சும் பாத்துட்டுப் போகச் சொல்லு" என்று சொல்லி அனுப்பினார்.

காமாட்சி மாட்டு வண்டியில் வந்தாள். காலையிலிருந்தே பட்டு கட்டிக் காத்திருந்திருக்கிறாள். கூடவே மாமியார், ஆரத்தித் தட்டோடு லயத்துப் பெண்கள். மாப்பிள்ளை ஆபீசில் துரையிடம் மாட்டிக்கொண்டாராம். காமாட்சி முகம் பூரித்து, கால் வீங்கி, கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அண்ணே" என்றாள். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று வேலுவைப் பார்த்து முறைத்தேன்.

மாமியார்தான் பேசினாள். "என்ன தம்பி, சோத்தைக் கேட்டுக்கட்டைக்கு ஊட்டிட்டுப் போகலாம்னு வந்தீங்களா? பொறந்த வீட்டுச் சோறு வாசப்படி ஏறலைன்னு நாளைக்கு ஊரு பேசாதா?"

"நான் என்னம்மா செய்ய? சட்டம்!"

"சட்டம் பிள்ள பெத்திருக்கா?"

அதிகாரி என்ன சத்தம் என்று கேட்டான். செபஸ்தியான் ஆங்கிலத்தில் விளக்கினார். எவ்வளவு விளக்கினாரோ, அந்தப் பையன் புத்தகம் ஒன்றைப் புரட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். ஏழு சோறு பற்றி அதில் இல்லை போலும்.

"எனக்குப் பசிக்குது" என்றாள் காமாட்சி.

எல்லோரும் அவள் பக்கம் திரும்பினோம். "காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல. அண்ணன் கையால சாப்பிடணும்னுதான் இருந்தேன்." சொல்லிவிட்டு, வயிறு கட்டையில் இடிக்காமல் பக்கவாட்டில் திரும்பி நின்று, கழுத்தை நீட்டித் தலையைக் கட்டைக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்தாள். வாயைத் திறந்தாள்.

வேலு பாய்ந்து வந்து அவள் காலைக் குனிந்து பார்த்தார். இரண்டு காலும் உள்ளே இருந்தன. தலை வெளியே இருந்தது. அவர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரியும் வந்து குனிந்து காலைப் பார்த்தான், நிமிர்ந்து வாயைப் பார்த்தான். நெற்றியைச் சொறிந்தான். பிறகு ஏதோ சொன்னான்.

"கால் எந்தப் பக்கமோ ஆள் அந்தப் பக்கமாம்" என்றார் செபஸ்தியான், அரண்மனையில் அறை காட்டிய அதே பெருமையோடு. "ஆள் உள்ளதான் இருக்காங்க. சோறு வெளியதான் இருக்கு. தப்பில்லையாம்!"

வேலு மட்டும் ஒரு நிபந்தனை போட்டார். "மென்னு முழுங்கினப்புறம்தான் தலைய உள்ள எடுக்கணும். வாயில சோத்தோட உள்ள போகக் கூடாது தங்கச்சி."

"சரிண்ணே" என்றாள் அவள்.

கட்டுச்சோறு இப்படித்தான் நடந்தது. பெண்கள் உள்ளே நின்று குலவை இட்டார்கள். நான் வெளியே நின்று ஊட்டினேன். புளிச்சோறு ஒரு வாய், எள்ளுச்சோறு ஒரு வாய். ஒவ்வொரு வாய்க்கும் வேலு அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டு, இறங்கியதும், "ம்" என்றார். ஆறும் ஆயிற்று. கடைசியாக மேலடுக்கைத் திறந்தேன். ஊட்டும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் மென்றாள். நிறுத்தினாள். "அண்ணே, இது அம்மா செய்யற தேங்காச் சோறு இல்லியே. இது இந்த ஊரு."

"குரங்கு தின்னுடுச்சும்மா. பசார்ல வாங்கினேன். கோவிச்சுக்காதம்மா."

"இன்னும் குடுங்க" என்று வாயைத் திறந்தாள். "ஒரு மாசமா இதுக்குத்தான் நாக்கு ஏங்குது, இவங்க வாங்கித்தர மாட்டேங்குறாங்க. நெத்திலி எங்கண்ணே?"

நெத்திலியைத்தான் நான் காருக்கு வெளியே எறிந்திருந்தேனே. பசாரில் இருந்த அந்த அம்மாளை நினைத்துக்கொண்டேன். மாமியார் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

கட்டுச்சோற்றை வந்தவர்கள் எல்லோரும் சாப்பிட வேண்டும். லயத்துப் பெண்கள் வரிசையாகக் கட்டைக்கு மேலே தலையை நீட்டினார்கள். தொழுவத்தில் மாடு தீவனத்துக்கு நிற்பது போல இருந்தது. மாமியார் கொஞ்ச நேரம் வீம்பாய் நின்றாள். பிறகு சர்க்கரைப் பொங்கலைப் பார்த்து அவளும் நீட்டினாள். அப்படியும் மீந்தது. பிறந்த வீட்டுச் சோறு திரும்பிப் போகக் கூடாது, அது எங்கள் சட்டம். உள்ளே போகக் கூடாது, அது அவர்கள் சட்டம். ஆகவே ராணுவம் சாப்பிட்டது. அந்த வெள்ளைக்காரப் பையன் புளிச்சோற்றில் கண் கலங்கி, பொங்கலில் விரலைச் சப்பினான். அவனுக்கும் ஊரில் ஓர் அம்மா இருப்பாள்.

வெயில் இறங்கிவிட்டது. ஊரடங்குக்கு முன் கிள்ளான் போயாக வேண்டும் என்று செபஸ்தியான் ஹாரன் அடித்தார். தூக்கைக் காருக்கு வைத்திருந்த தண்ணீர் முழுவதும் ஊற்றிக் கழுவிக் காட்டினோம். வேலு அடுக்கு அடுக்காக முகர்ந்து பார்த்து உள்ளே விட்டார். அம்மா சொன்னதில் இன்னும் ஒன்றுதான் பாக்கி. நான் கட்டைக்கு மேலே கையை நீட்டினேன்.

"அண்ணே, நில்லுங்க!" என்றார் வேலு. "கையில சோறு ஒட்டியிருக்கு. கை போகலாம். சோறு போகாது."

பார்த்தேன். விரலிடுக்கில் ஏழு சோறும் கலந்து பருக்கை பருக்கையாய் ஒட்டியிருந்தன. தண்ணீர் இல்லை. வேட்டியில் துடைக்கப் போனேன்.

காமாட்சி கட்டைக்கு மேலே குனிந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். விரல் விரலாக, ஒரு பருக்கை விடாமல் எடுத்துத் தின்றாள். அவள் கண்ணீர் என் உள்ளங்கையில் விழுந்தது. மென்று, விழுங்கி, என் கையைத் திருப்பி வேலுவுக்குக் காட்டினாள். "பாருங்கண்ணே. ஒண்ணுமில்ல."

வேலு என் கையைப் பார்க்கவில்லை. தொப்பியைக் கழற்றிக்கொண்டு ரப்பர் மரங்களைப் பார்த்து நின்றார். "போகலாம்" என்றார்.

என் கால் வெளியேதான் இருந்தது. அம்மாவின் கை கட்டையைத் தாண்டி உள்ளே போய் அவள் தலையில் இறங்கியது.